மஞ்சள் இலைக்கு மருந்து தேடி நான்கு மாதம் தொலைத்த கதை

ஜன்னல் இல்லாத ஓர் அறையில், எல்இடி விளக்குக்குக் கீழே ஆறு மிளகாய்ச் செடி வளர்க்கப் போய் நான்கு மாதத்தைத் தொலைத்தேன். பணமும் போயிற்று. விளக்குக்கும், செடிகளை உள்ளே வைக்கிற துணிக் கூடாரத்துக்கும் சேர்த்துச் செலவழித்ததைவிட, செடிக்கு என்ன வியாதி என்று தெரியாமல் வாங்கிக் குவித்த புட்டிகளுக்குச் செலவழித்தது அதிகம். ஆறில் மூன்று செத்தன. செத்ததுகூடப் பரவாயில்லை. ஒவ்வொரு வாரமும் "இதோ, கண்டுபிடித்துவிட்டேன்" என்று நம்பி, அந்த நம்பிக்கையோடு செடிக்கு இன்னோர் அடி கொடுத்துக்கொண்டிருந்தேனே, அதை நினைத்தால்தான் இன்னும் கூச்சமாக இருக்கிறது. அறைக்குள் விளக்கு வைத்து எதை வளர்ப்பவராக இருந்தாலும், தக்காளியோ துளசியோ மிளகாயோ, என் கதை கொஞ்சம் உதவலாம்.

முதலில் ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. ஆறு தொட்டி, ஒவ்வொன்றும் 11 லிட்டர். உள்ளே மண் இல்லை, தேங்காய் நார்த்தூள். நார்த்தூளில் செடிக்கு வேண்டிய சத்து என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. தண்ணீரில் நாம் கலந்து ஊற்றுவதுதான் சாப்பாடு. மண்ணில் கூடக்குறைய ஆனாலும் மண்ணே ஓரளவு சமாளித்துக்கொள்ளும். நார்த்தூளில் அந்தத் தாங்குசக்தி குறைவு. அதனால் இரண்டு மீட்டர் வாங்கியிருந்தேன். ஒன்று பிஎச் மீட்டர், தண்ணீர் எவ்வளவு புளிப்பு என்று காட்டுவது. இன்னொன்று ஈசி மீட்டர், தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டுவது, உரமும் உப்புதானே. தினமும் இரண்டையும் முக்கி எடுத்து, பிஎச் 6.0 வரும்வரை சொட்டுச் சொட்டாக அமிலம் விட்டு, நோட்டில் எழுதிவைத்துத்தான் ஊற்றினேன். ஆய்வுக்கூடம் நடத்துகிற மிதப்பு எனக்கு. மீட்டர் இருக்கிறது, எண் சரியாக இருக்கிறது, அப்புறம் என்ன?

ஐந்தாவது வாரம் மஞ்சள் தெரிந்தது. நுனிக் கொழுந்திலிருந்து இரண்டாவது, மூன்றாவது இலைகள் வெளிறிப்போய், நரம்பு மட்டும் பச்சையாக, மீன்வலையைப் பச்சை மையில் வரைந்தது மாதிரி இருந்தன. அடியிலைகள் நல்ல கரும்பச்சை. இந்த ஒரு வரியை அன்றைக்குச் சரியாகப் படித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. நான் என்ன செய்தேன்? "இலை மஞ்சள்" என்று மட்டும் மனதில் வாங்கிக்கொண்டு, சத்துக்குறை படங்கள் போட்ட அட்டவணை ஒன்றைத் திறந்தேன். முதல் படமே தழைச்சத்து (நைட்ரஜன்) குறை, முழு மஞ்சள் இலை. என் இலையும் மஞ்சள். சரி, உரம் போதவில்லை என்று அளவைக் கூட்டினேன்.

அந்த அட்டவணைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவை பொய்யில்லை. ஆனால் ஓர் இலையைத் தனியாகப் பறித்துக் காட்டுகின்றன. அந்த இலை செடியில் எங்கே இருந்தது என்பதில்தான் பாதிப் பதில் இருக்கிறது. தழைச்சத்து, மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்), மக்னீசியம் இந்த நான்கையும் செடியால் இடம் மாற்ற முடியும். தட்டுப்பாடு வந்தால் பழைய இலையிலிருந்து உருவி, புதுத் துளிருக்கு அனுப்பிவிடும். ஆகவே இவை குறைந்தால் முதலில் வாடுவது அடியிலை. சுண்ணாம்புச்சத்தும் (கால்சியம்) இரும்பும் போரானும் அப்படியில்லை. ஓர் இலையில் போய்ச் சேர்ந்தால் அங்கேயேதான் கிடக்கும். அவை குறைந்தால் பழைய இலைகள் நன்றாகவே இருக்கும், புதுத் துளிர்தான் படாதபாடு படும். அடியிலை முழுக்கச் சீராக மஞ்சளானால் தழைச்சத்து. அடியிலையில் நரம்பு பச்சையாக, நடுவில் மஞ்சளாக இருந்தால் மக்னீசியம். அதே நரம்புப் பச்சை மேலே துளிரில் தெரிந்தால் பெரும்பாலும் இரும்பு. அடியிலையின் ஓரம் மட்டும் காய்ந்து கருகினால் சாம்பல்சத்து. துளிர் கோணலாகி, காயின் அடிப்பகுதி கறுத்து அழுகினால் சுண்ணாம்புச்சத்து. மக்னீசியத்துக்கும் இரும்புக்கும் படத்தில் வித்தியாசமே தெரியாது. செடியில் ஒன்று கீழே, ஒன்று மேலே. எனக்கு வந்தது மேலே. நான் கொடுத்தது தழைச்சத்து.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் என்னை ஒரு வாரம் ஏமாற்றியது. இலையைப் படம் எடுத்ததெல்லாம் வளர்ப்பு விளக்கு எரியும்போது. அந்த இளஞ்சிவப்பு வெளிச்சத்தில் நல்ல இலைகூட நோய்கண்டது மாதிரி இருக்கும், நோய்கண்ட இலை நன்றாக இருக்கும். விளக்கை அணைத்துவிட்டுச் சாதாரண வெள்ளை வெளிச்சத்தில் பாருங்கள். முடிந்தால் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோங்கள்.

உரம் கூட்டிய பத்தே நாளில் இலைநுனிகள் பழுப்பாகிக் கருகத் தொடங்கின. நுனியில் ஊசிமுனை அளவுக்குத்தான் முதலில் இருந்தது, பிறகு ஓரமாக இறங்கியது. மறுபடி அட்டவணை. ஓரம் கருகினால் சாம்பல்சத்து என்றது. சாம்பல்சத்துக்கென்று தனிப் புட்டி ஒன்று உண்டு. அதையும் வாங்கி ஊற்றினேன். உண்மையில் அது குறையால் வந்த கருகல் இல்லை, உப்பு கூடிப்போனதால் வந்தது. எல்லாச் செடியிலும், எல்லா உயரத்திலும், நுனியிலிருந்து ஒரே மாதிரி கருகினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது உரம் அதிகமாகிவிட்டதா என்பதைத்தான். எனக்கு அந்தச் சந்தேகம் வராததற்குக் காரணம் இருந்தது: கூட்டிய பிறகும் உரப் புட்டியில் போட்டிருந்த அளவைத்தானே கொடுக்கிறேன்! புட்டியில் 1400 பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கு) என்று எழுதியிருந்தது. மீட்டரில் 1400 வரும்வரை கலந்தேன். வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது, பிபிஎம் என்பதில் இரண்டு கணக்கு இருக்கிறது என்று. ஈசி 1.0 என்பதைச் சில மீட்டர்கள் 500 என்று காட்டும், சில 700 என்று காட்டும். புட்டிக்காரர்கள் சொன்னது 700 கணக்கு, அதாவது ஈசி 2.0. என் மீட்டர் 500 கணக்கு. அதில் 1400 என்றால் ஈசி 2.8. நோட்டில் பக்கம் பக்கமாக "சரி" என்று குறியிட்டபடியே, கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு உரம் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். மீட்டரில் ஈசி என்று மாற்றிக்கொள்ளும் வசதி இருந்தால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள். பிபிஎம்மை மறந்துவிடலாம்.

ஏழாம் எட்டாம் வாரங்களை ஒன்றாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அப்போது நான் செய்ததெல்லாம் ஒரே வேலைதான்: புட்டி வாங்குவது. அடியிலைகளிலும் நரம்பிடை மஞ்சள் வந்தது. அது மக்னீசியக் குறை என்று எப்சம் உப்பு (மக்னீசியம் சல்பேட்) வாங்கினேன். பூக்கள் உதிர்ந்தன, பூ நிற்க ஒரு புட்டி. வேர் வளர ஒரு புட்டி. விளக்கடியில் செடி வளர்ப்பது பற்றித் தேடினால் கிடைப்பதில் நிறைய, கஞ்சா வளர்ப்பவர்கள் அவர்கள் செடிக்காக எழுதியவை. செடிக்கு என்ன நேர்ந்தாலும் கால்மேக் (கால்சியமும் மக்னீசியமும் கலந்த கரைசல்) ஊற்று என்பது அங்கே ஒரு வேதவாக்கு. அதையும் வாங்கினேன். மொத்தம் ஒன்பது புட்டி. ஒருநாள் அவசரத்தில் சுண்ணாம்புச்சத்துக் கரைசலையும் எப்சம் உப்பின் கெட்டிக் கரைசலையும் ஒரே குவளையில் ஊற்றிவிட்டேன். ஒரு நிமிடத்தில் தண்ணீர் பால்போல் கலங்கி, அடியில் வெள்ளை வெள்ளையாகப் படிந்தது. கலக்கினால் சுழன்றது, கரையவில்லை. கால்சியமும் சல்பேட்டும் கெட்டியாகச் சந்தித்தால் ஜிப்சமாகிப் படிந்துவிடும். பாஸ்பேட்டோடு சேர்ந்தாலும் அதே கதைதான். உரங்களை ஏ, பி என்று இரண்டு புட்டியாக விற்பதே இதற்காகத்தான். வாளி நிறையத் தண்ணீர் எடுத்து, ஒன்றை ஊற்றிக் கலக்கி, பிறகு மற்றதை ஊற்ற வேண்டும். அந்த வெள்ளைக் கசடைப் பார்த்தும் எனக்கு நிறுத்தத் தோன்றவில்லை. வடிகட்டிவிட்டு ஊற்றினேன். இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது, அன்றைக்கு வரவில்லை.

ஒன்பதாவது வாரம் பயந்துபோய் நேர்மாறாகக் குதித்தேன். உப்பு சேர்ந்திருக்கும், கழுவிவிடலாம் என்று எங்கோ படித்தேன். அந்த யோசனை அடிப்படையில் தவறில்லை. செய்த விதம்தான் தவறு. ஒவ்வொரு தொட்டியிலும் வெறும் தண்ணீரை வாளி வாளியாக, மூன்று நாள் அடுத்தடுத்து ஊற்றினேன். நான்காம் நாள் காலையில் செடிகள் எல்லாம் தொங்கிக் கிடந்தன. வாடியிருக்கிறது, தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றினேன்! தண்ணீர் இல்லாமல் வாடுவதற்கும் தண்ணீர் கூடி வாடுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. தண்ணீர் இல்லாத இலை துணி மாதிரி மெல்லிசாகத் தொய்ந்திருக்கும், தொட்டியைத் தூக்கினால் லேசாக வரும். தண்ணீர் கூடினால் இலை விறைப்பாகவே இருந்து கீழ்நோக்கி வளைந்திருக்கும், தொட்டி கனக்கும். வேருக்கு மூச்சுவிட இடமில்லை, அவ்வளவுதான். மூச்சுவிட முடியாத வேர் இரும்பையும் எடுக்காது, மற்றதையும் எடுக்காது, ஆகவே மஞ்சள் இன்னும் கூடும். நடுவில், ஈரமான நார்த்தூளில் குட்டிக் கறுப்பு ஈக்கள் வேறு மொய்க்க ஆரம்பித்தன. ஓரத்தில் இருந்த இரண்டு செடிகள் அந்த வாரமே போய்விட்டன. பிடுங்கிப் பார்த்தேன். வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் தேநீர் நிறத்தில் இருந்தது, விரலால் இழுத்தால் தோல் கழன்று நடுநரம்பு மட்டும் கையில் வந்தது. அன்று இரவு கூடாரத்தின் ஜிப்பை மூடிவிட்டு இரண்டு நாள் திறக்கவேயில்லை. வீட்டில் யாரும் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

அப்போதுதான் அண்ணி வந்தார். அவருக்குத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. செடி விஷயம் ஒன்றும் தெரியாது, ஆர்வமும் கிடையாது. என் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். எல்லா வரியிலும் 6.0, 6.0, 6.0.

"மீட்டரை எப்ப சரிபார்த்தீங்க தம்பி?"

"வாங்கும்போதே சரிபார்த்துத்தான் அனுப்பியிருக்காங்க அண்ணி."

"நான் எப்பன்னு கேட்டேன்."

மீட்டரை வாங்கி மூடியைத் திறந்து, நுனியில் இருக்கிற கண்ணாடிக் குமிழை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். காய்ந்துபோய், ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. "இதை நனைச்சே வைக்கணும். துடைச்சுக் காயவெச்சீங்களா?" என்றார். ஆமாம், தினமும் துடைத்துக் காயவைத்துத்தான் மூடினேன், சுத்தமாக இருக்கட்டும் என்று. மறுநாள் இரண்டு சின்னப் புட்டிகளில் பிஎச் 7.00, பிஎச் 4.01 என்று குறித்த கரைசல்களைக் கொண்டுவந்தார். ஏழில் முக்கினோம். மீட்டர் 6.1 காட்டியது. நாலில் முக்கினோம். 3.2. அண்ணி ஒன்றும் சொல்லவில்லை, நோட்டை மட்டும் என் பக்கம் தள்ளிவைத்தார். நான் 6.0 என்று இரண்டு மாதமாக எழுதிவைத்ததெல்லாம் உண்மையில் 6.9.

பிஎச் 6.9 என்பது கேட்கச் சாதாரணமாக இருக்கும், ஏழுதானே நடுநிலை என்று தோன்றும். நார்த்தூளில் 5.5 முதல் 6.5 வரைதான் வசதி, 5.8 பக்கம் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. அதற்கு மேலே போகப்போக இரும்பு முதலில் கைவிடும். உரத்தில் இரும்பு இருக்கும், தொட்டியிலும் இருக்கும், ஆனால் வேர் எடுக்க முடியாத வடிவத்துக்கு மாறிவிடும். புட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் இரும்பு எந்தப் பொருளோடு கட்டப்பட்டிருக்கிறது என்று போட்டிருப்பார்கள். ஈடிடிஏ என்றிருந்தால் ஏறக்குறைய 6.5க்கு மேலே அது பிடியை விட்டுவிடும். டிடிபிஏ என்றால் இன்னும் கொஞ்சம் மேலே தாங்கும். ஈடிடிஎச்ஏ என்றால் 9 வரைகூடத் தாங்கும். என் புட்டியில் ஈடிடிஏ. ஆக, ஐந்தாம் வாரத்து மீன்வலை இலைக்கு விடை உரத்தில் இல்லை, பிஎச்சில் இருந்தது. ஒன்றுமே கூடுதலாக வாங்காமல், இன்னும் சில சொட்டு அமிலம் விட்டிருந்தால் முடிந்திருக்கும். அதன் மேல் நான் கூட்டிய உரம் நுனியைக் கருக்கியது. தனியாக ஊற்றிய சாம்பல்சத்து மக்னீசியத்தை உள்ளே வரவிடாமல் தடுத்தது. சாம்பல்சத்து மிதமிஞ்சினால் மக்னீசியத்தையும் சுண்ணாம்புச்சத்தையும் வேர் குறைவாகவே எடுக்கும். அடியிலை மஞ்சள் அங்கேயிருந்து வந்தது. ஒரு நோய்தான் தானாக வந்தது. மற்றவை நான் கொடுத்த மருந்தால் வந்தவை.

தொட்டிக்குள்ளே என்ன நிலைமை என்று பார்க்க அண்ணி ஒரு வழி சொன்னார். தோட்டக்காரர்களும் இதைச் செய்வார்கள் என்று பிறகு படித்தேன். வழக்கம்போல் தண்ணீர் ஊற்றிவிட்டு அரைமணி நேரம் விட வேண்டும். பிறகு தொட்டிக்கு அடியில் சுத்தமான தட்டை வைத்து, மேலே காய்ச்சி வடித்த தண்ணீரைக் கொஞ்சமாக, பரவலாக ஊற்ற வேண்டும். அடியில் முதலில் சொட்டுகிற 50 மில்லியைப் பிடித்து அளந்தால், வேருக்குப் பக்கத்தில் இருக்கிற தண்ணீரின் நிலைமை ஏறக்குறையத் தெரிந்துவிடும். வாளி வாளியாக நான் கழுவியதில் நான்கு தொட்டிகளும் ஒரு மாதிரி இல்லை. நன்றாக நனைந்தவற்றில் ஈசி 1 பக்கம். சுவரோரத் தொட்டியில் தண்ணீர் ஒரே பக்கமாக இறங்கி ஓடியிருக்கிறது போல, அங்கே 4.6. அந்தச் செடியும் பிழைக்கவில்லை. உள்ளே ஊற்றுவதை மட்டும் இரண்டு மாதம் அளந்தேன், வெளியே வருவதை ஒருநாள்கூட அளக்கவில்லை.

மிச்சம் மூன்று. பழைய மீட்டரின் குமிழை அதற்கான கரைசலில் இரண்டு நாள் ஊறவைத்துப் பார்த்தோம், கொஞ்சம் தேறியது, ஆனால் அரைமணியில் மறுபடி நகர்ந்துவிட்டது. புதிதாக வாங்கினேன். குமிழைப் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் நனைத்தே வைக்க வேண்டும்; காய்ச்சி வடித்த தண்ணீரில் போட்டுவைத்தால் அதுவும் கெட்டுவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஏழிலும் நாலிலும் முக்கிச் சரிபார்க்கிறேன். முக்கிய கரைசலைத் திரும்பப் புட்டியில் ஊற்றுவதில்லை. அப்புறம், மெல்லிய உரத் தண்ணீர் கலந்தேன்: ஈசி 0.8, பிஎச் 5.8, உண்மையான 5.8. நார்த்தூளை வெறும் தண்ணீரால் கழுவினால் சமநிலை இன்னும் கெடும். உப்பு இறங்க வேண்டுமானாலும் மெல்லிய உரத் தண்ணீராலேயே கழுவுவதுதான் சரி, அதுவும் தொட்டி கொஞ்சம் உலர்ந்து லேசான பிறகு. ஒன்பது புட்டியில் ஏ, பி இரண்டைத் தவிர மற்றவற்றை அலமாரியில் மேலே ஏற்றினேன்.

பிறகு பத்து நாள் எதையும் மாற்றக் கூடாது என்று முடிவு. இதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. தினமும் காலையில் போய் கருகிய இலைகளைப் பார்ப்பேன், அப்படியேதான் இருக்கும். கருகிய இடம் திரும்பப் பச்சையாகாது என்பது அறிவுக்குத் தெரிகிறது, கை அரிக்கிறது. பழைய இலையைப் பார்த்து மருந்து வேலை செய்கிறதா என்று தீர்மானிக்க முடியாது. இனி வரப்போகிற துளிரைத்தான் பார்க்க வேண்டும். எந்தத் துளிர் புதிது என்று குழம்பாமல் இருக்க, அன்றைக்கு இருந்த கடைசிக் கொழுந்தின் காம்பில் ஒரு சிவப்பு நூலைத் தளர்வாகக் கட்டினேன். எட்டாம் நாள் நூலுக்கு மேலே இரண்டு செடிகளில் துளிர் விரிந்தது. நரம்பும் நடுவும் ஒரே பச்சை. அந்த நிறத்தைப் பார்த்து அவ்வளவு நிம்மதி அடைவேன் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

மூன்றாவது செடி மட்டும் தேறவில்லை. அதன் துளிர் கீழ்நோக்கிச் சுருண்டு, தலைகீழாகக் கவிழ்த்த படகு மாதிரி, காம்பு நீண்டு, இலை குறுகி இருந்தது. துளிர் கோணல் என்றால் சுண்ணாம்புச்சத்து என்று நானே மேலே எழுதியிருக்கிறேன்; அன்றைக்கும் அப்படித்தான் நினைத்து, மேலே ஏற்றிய கால்மேக் புட்டியை இறக்கிக் கையில்கூட எடுத்துவிட்டேன். ஆனால் அதே தண்ணீர் குடிக்கிற மற்ற இரண்டும் நன்றாக இருக்கின்றனவே என்று ஒரு கேள்வி வந்தது. உரத்தில் கோளாறு என்றால் எல்லோருக்கும் வர வேண்டும். மிளகாய் பயிரிடுபவர்களுக்கு இது பழைய பாடம்: இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் முரணைச் சிலந்தி, அதாவது கண்ணுக்கே தெரியாத ஒரு சிலந்திப்பேன். 10 மடங்கு காட்டும் லென்ஸில் ஒன்றும் தெரியவில்லை. 60 மடங்கு லென்ஸை வாங்கித் துளிரின் அடிப்பக்கம் வைத்துப் பார்த்தபோதுதான், கண்ணாடித் துளி மாதிரி ஒளி ஊடுருவும் உடம்போடு நாலைந்து நகர்ந்துகொண்டிருந்தன. ஒன்று கால் மில்லிமீட்டர்கூட இருக்காது. சுருண்ட கொழுந்துகளை வெட்டிப் பையில் கட்டிப் போட்டேன், செடியைத் தனியறைக்கு மாற்றினேன், சிலந்திக்கென்று உள்ள, தண்ணீரில் நனையும் கந்தகத் தூளைக் கலந்து, விளக்கு அணைந்திருக்கும் நேரமாகப் பார்த்து அடித்தேன். சாதாரணப் பூச்சிமருந்து இதற்குப் பெரும்பாலும் பலிக்காது, ஏனென்றால் சிலந்தி பூச்சி வகையே இல்லை. அந்தச் செடி மூன்று வாரம் மொட்டையாக நின்றுவிட்டுத் துளிர்த்தது.

நடுவில் இன்னொரு முட்டாள்தனமும் செய்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். குழாய்த் தண்ணீரில் உப்பு அதிகம். அதுதான் பிஎச்சை மேலே மேலே ஏற்றுகிறது என்று தெரிந்ததும் ஆர்ஓ தண்ணீருக்கு மாறினேன். ஏற்றியது உண்மைதான், கடினத் தண்ணீரில் இருக்கிற பைகார்பனேட், நாம் விடுகிற அமிலத்தைத் தின்றுவிடும். ஆனால் அதே கடினத் தண்ணீர்தான் இத்தனை நாள் இலவசமாகக் கால்சியமும் மக்னீசியமும் கொடுத்துக்கொண்டிருந்தது. ஆர்ஓ தண்ணீரில் இரண்டும் ஏறக்குறைய இல்லை. இரண்டு வாரத்தில் அடியிலையில் நரம்பிடை மஞ்சள், இந்த முறை நிஜமான மக்னீசியக் குறை. அலமாரியில் கிடந்த கால்மேக் புட்டிக்கு அப்போதுதான் ஒரு வேலை கிடைத்தது. வேதவாக்கு என்று கிண்டல் செய்தேனே, அவர்களில் பலர் ஆர்ஓ தண்ணீரும் நார்த்தூளும் பயன்படுத்துபவர்கள். நார்த்தூள் வேறு, சரியாகப் பதப்படுத்தாவிட்டால், கால்சியத்தையும் மக்னீசியத்தையும் தானே பிடித்து வைத்துக்கொள்ளும். அவர்களுக்கு அது சரி. காரணம் தெரியாமல் எடுத்துக்கொண்டதுதான் என் தவறு.

இப்போது இலையில் ஏதாவது மாற்றம் தெரிந்தால் நான் போகிற வழி இது. விளக்கை அணைத்து வெள்ளை வெளிச்சத்தில் பார்ப்பேன். எல்லாச் செடியிலுமா, ஒன்றிலா? ஒன்றில் மட்டும் என்றால் லென்ஸை எடுத்து இலையின் அடிப்பக்கம் பார்ப்பேன். எல்லாவற்றிலும் என்றால், மேலேயா கீழேயா என்று பார்ப்பேன். தொட்டியைத் தூக்கிக் கனம் பார்ப்பேன். விளக்குக்கு மிக அருகில் இருக்கிற உச்சி இலை மட்டும் வெளுத்திருந்தால், விளக்கை உயர்த்திவிட்டு வேறெதையும் தொட மாட்டேன். அப்புறம் மீட்டரை ஏழில் முக்குவேன். அதற்குப் பிறகுதான் தொட்டியிலிருந்து வடிகிற தண்ணீரை அளப்பது. இவ்வளவுக்கும் அரைமணி நேரம்கூட ஆகாது, ஒரு புட்டியும் வாங்க வேண்டியதில்லை. மாற்ற வேண்டும் என்று முடிவானால் ஒன்றே ஒன்றை மாற்றி, நூல் கட்டி, பத்து நாள் விடுவேன். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பலித்தது என்று எப்போதும் தெரியாது. எனக்கு இன்றுவரை ஏழாம் வாரத்துப் புட்டிகளில் எது எதைச் செய்தது என்று தெரியாது.

மூன்று செடியும் காய்த்தன, நான்கு மாதம் தாமதமாக. போன வாரம் அதில் ஒன்றில், தொட்டி விளிம்பை ஒட்டி, வெளிச்சமே படாத இடத்தில் இருந்த அடியிலை மஞ்சளாயிற்று. வயிறு ஒரு நிமிடம் கலங்கியது. மீட்டரை முக்கினேன், 7.00. வடிந்த தண்ணீர் பிஎச் 5.9, ஈசி 2.1. மேலே துளிரெல்லாம் பச்சை. இலையைத் தொட்டேன், காம்போடு கையிலேயே வந்துவிட்டது. வயதாகிவிட்டது, அவ்வளவுதான். குப்பையில் போட்டுவிட்டுக் கூடாரத்தை மூடினேன்.